கடைமடைக்கு வந்து சேரும் இணையம்

(மதுரையில் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தின் இன்றைய நிலையையும் நாளைய போக்கையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பை எடுத்துக்கொள்பவர்கள், எத்தனை கோடிப் பேர் இணைந்திருக்கிறார்கள், வேகம் எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்னும் கணக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். பெரியாற்றுப் பாசனத்தை அறிந்த இந்த ஊரில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைக் கேட்டுவிட்டு இங்கே யாரும் எழுந்து போய்விடுவதில்லை. மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, வாய்க்கால் தூர்ந்தால் யார் வாருவது, மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை யாருக்கு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். இணையத்தைப் பற்றியும் நாம் கேட்க வேண்டியவை இவைதாம்.

மேலூரைச் சொன்னது வெறும் உவமைக்காக மட்டும் அன்று. இந்தியச் சிற்றூர்களுக்கு இணையத்தைக் கொண்டுசெல்லும் முயற்சியில் முன்னோடியாக இருந்த வட்டாரம் அது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஐஐடி மெட்ராஸ், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகிய கல்வி நிறுவனங்களும் என்-லாக் என்னும் நிறுவனமும் சேர்ந்து, மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் இணைய மையங்களைத் திறந்தன. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அம்மையங்களை இணைத்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் மையத்தை நடத்துவார்; பிறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கான விண்ணப்பங்கள் அங்கிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும்; கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கைப்பேசியே பலரிடம் இல்லாத காலத்தில் நடந்தது இது என்பதை இளையவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்குள் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. விண்ணப்பங்களைக் கணினியில் பெற்று வேலை பார்க்கப் பயிற்சி பெற்றிருந்த அலுவலர்கள் இடமாற்றத்தில் போனார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. பழுதான கருவியைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் வருமானம் நின்றுபோயிற்று. கடன் வாங்கி மையம் தொடங்கியவர்கள் அதைத் தொடர்ந்து நடத்த முடியாமல் கைவிட்டார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அமைப்பு அதன் கீழே இல்லை.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் தேனிப் பக்கத்தில் நடந்ததை இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புறத்துக் கண் பரிசோதனை மையங்களோடு நீள்தொலைவு வைஃபை வழியாக இணைத்தன. வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள், ஓர் அலுவலகத்துக்குள் பயன்படுவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு முனையிலிருந்து அனுப்பிய தகவல் சேர்ந்ததற்கான ஒப்புதல், குறித்த நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால், கருவி அதையே மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். பல கிலோமீட்டர் தொலைவில் அந்தச் சிறு தாமதமே இணைப்பைக் கெடுத்துவிடும். ஆகவே, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி அதன் விதியை மாற்றி எழுதினார்கள். உயரமான கோபுரங்களில் எதிரெதிராக ஆன்டெனாக்களை நிறுத்தி, தேனியில் இருக்கும் மருத்துவர் தொலைவில் இருக்கும் நோயாளியைக் காணொளியில் பார்த்து ஆலோசனை சொல்லும் நிலையை உண்டாக்கினார்கள்.

இங்கும் கருவிகள் பழுதாகத்தான் செய்தன. கிராமப்புற மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே பெரும் எதிரியாக இருந்தது. ஆனால் பழுது நீக்கும் வேலையை மருத்துவமனையின் சொந்தப் பணியாளர்கள் கற்றுக்கொண்டார்கள்; ஆய்வாளர்களும் கருவிகளை மின்சாரக் கோளாறுகளைத் தாங்கும்படி திருத்தியமைத்தார்கள். அந்த வலையமைப்பு நிலைத்ததற்குக் காரணம், அது மறுநாள் காலையும் இயங்கியாக வேண்டும் என்ற கட்டாயமுள்ள ஒரு நிறுவனம் அதன் பின்னால் நின்றதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேலூருக்கும் தேனிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, இணையக் கொள்கை வகுப்போர் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை.

இன்றைய பாரத்நெட் திட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் இத்திட்டத்துக்கு 2011-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. காற்றில் மரக்கிளை விழுந்தாலும், சாலை விரிவாக்கத்தில் கம்பம் இடம் மாறினாலும் வடம் அறுந்துவிடும். அறுந்த இழையை ஒட்டவைக்கப் பயிற்சி பெற்ற ஆளும் அதற்கான கருவியும் வேண்டும். எத்தனை ஊராட்சிகளுக்கு வடம் போய்விட்டது என்பதை அறிவிப்பதோடு, அவற்றில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் அறிவிக்க வேண்டும்.

கடலுக்கு அடியிலும் இதே சிக்கல் உண்டு. கண்டங்களுக்கு இடையிலான தரவுப் போக்குவரத்து செயற்கைக்கோள் வழியே நடப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கடலடி வடங்களில் செல்கிறது. மதுரையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் தகவல் பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோதான் கடலில் இறங்குகிறது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை வடப் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களுமே காரணம். 2008 சனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு வடங்கள் அறுந்தபோது, இந்தியாவின் வெளிநாட்டு இணைப்புத் திறன் பெருமளவு முடங்கியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் சில வடங்கள் அறுந்தபோதும், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணைய வேகம் குறைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ புதிய வடங்கள் வந்துவிட்ட போதிலும், ஒரே குறுகிய கடல்வழியை நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. இந்தியக் கடற்பகுதியில் அறுந்த வடத்தைச் சரிசெய்ய நாம் வெளிநாட்டுக் கப்பல்களைத்தான் எதிர்பார்த்திருக்கிறோம். புதிய வடம் இறங்கும்போது விழா எடுக்கிறோம். பழுது பார்க்கும் கப்பல் ஒன்று நமக்கென்று வேண்டும் என்று கேட்கும் குரல் இன்னும் உரக்க எழவில்லை.

இனி, மடையைத் திறந்து அடைக்கும் உரிமைக்கு வருகிறேன். இணையத்துக்குத் தலைவர் கிடையாது என்பது பாதி உண்மை. 1983 சனவரி 1 அன்று, இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பு, கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்வதற்கான டிசிபி/ஐபி என்னும் பொது விதிமுறைக்கு மாறியது. அந்த விதிமுறை எவருடைய தனி உடைமையும் அன்று. யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் அதைப் பயன்படுத்தலாம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் உலகளாவிய வலையின் மென்பொருளைக் கட்டணமின்றிப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. முகவரிகளையும் பெயர்களையும் ஒருங்கிணைக்கும் பணி ஐகான் அமைப்பிடம் இருக்கிறது. அதன்மீது அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்த வழி மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முகவரி முடிய முடிகிறதென்றால், அது இந்தப் பொது அமைப்புக்குள் பலர் பொறுமையாக உட்கார்ந்து வாதாடிப் பெற்றது. ஆயினும் தமிழில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை ஏற்க மறுக்கும் விண்ணப்பப் படிவங்கள் இன்னும் ஏராளம்.

ஆனால் அந்தப் பொது விதிகளின் மேல் கட்டப்பட்ட சேவைகள் மிகச் சிலரின் கைக்குள் வந்துவிட்டன. 2021 அக்டோபர் 4 அன்று தன் கணினிகளை அடையும் வழியைப் பிற வலையமைப்புகளுக்குச் சொல்லும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் அறிவிப்புகள் ஒரு தவறால் நின்றுபோனதால், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோயின. வடங்களெல்லாம் நலமாகத்தான் இருந்தன. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பிழைப்பு நடத்தும் ஒரு சிறு வணிகருக்கு, அந்த நேரத்தில் இணையமே இல்லை என்பதுதான் பொருள்.

அரசின் கையும் மடையில் இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. உற்றாரின் நலம் அறியத் துடித்த குடும்பங்களுக்கு, செய்தி மிகவும் தேவைப்பட்ட நாட்கள் அவை. 2020 சனவரி 10 அன்று, காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்து இதழாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே கருத்து வெளியிடுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் 19-ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றும், காலவரையற்ற முடக்கம் செல்லாது என்றும், முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. ஆணையை வெளியிடாமல் முடக்கும் ஒவ்வொரு முறையும், அதைக் கேட்டுப் பெறும் உறுதி வழக்கறிஞர்களிடமும் இதழாளர்களிடமும் நம்மிடமும் இருந்தாக வேண்டும்.

எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது, செயற்கைக்கோள் இணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்னும் பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. மலைக்கிராமங்களுக்கும் பேரிடர்க் காலத்துக்கும் அது உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழுது பார்ப்பதும் விலை வைப்பதும் நிறுத்துவதும் முழுவதும் தொலைதூரத்து நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் ஏற்பாட்டை, ஊராட்சி வடத்துக்கு மாற்றாக ஏற்கக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு பற்றியெல்லாம் அங்கே கேட்கிறோம். அடுத்த கூட்டத்தில் கண்ணாடி இழை இணைப்பைப் பற்றியும் கேளுங்கள். இணைப்புப் பெட்டி எங்கே இருக்கிறது, அது இயங்குகிறதா, பழுதானால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், இதற்கு முன் அறுந்தபோது சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றை எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சுற்றுவட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்த இளைஞர்களுக்கு இழை ஒட்டும் வேலையைக் கற்றுத்தந்து, சில ஊராட்சிகளுக்கு ஒருவர் என்று அமர்த்தும்படியும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துக் கேட்கலாம். நன்றி, வணக்கம்.