அந்த வெற்றி ஷனையா ட்வெய்னின் பாட்டுக்கே உரியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையைப் பாடும் கனடா நாட்டுப் பாடகி ஷனையா ட்வெய்னின் இரண்டாவது ஆல்பமான 'தி வுமன் இன் மி' 1995 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்று அதற்குக் கிடைத்தது. 1996இல் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்து சேர்ந்தது. இந்த வெற்றிக்குப் பெரிதும் காரணம் பாடகியின் பாட்டா, இசைத் தயாரிப்பாளரும் அவருடைய அன்றைய கணவருமான மட் லாங்கின் கைவண்ணமா என்பதே இன்றைய வழக்கு. பாட்டே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை அடுக்கினார். 1993இல் வந்த முதல் ஆல்பம் விலைபோகவில்லை, லாங் வந்த பிறகே வெற்றி வந்தது என்பது ஒன்று. இரண்டாவது ஆல்பத்தின் பதிவுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் செலவானது என்பது மற்றொன்று. ஆல்பம் வந்த பிறகு ட்வெய்ன் கச்சேரிப் பயணம் போகவே இல்லை, ஆகவே இது ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கப்பட்ட வெற்றி என்பது மூன்றாவது.

முதல் ஆல்பம் ஓடவில்லை என்பது உண்மை. அதிலிருந்து முதலில் வெளிவிட்ட இரண்டு பாடல்களும் கன்ட்ரிப் பாடல் பட்டியலில் 55ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் யாருடைய பாடல்கள் இருந்தன என்பதை எதிரணியினர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பத்துப் பாடல்களில் ஒன்றே ஒன்றில்தான் எழுதியவர் வரிசையில் ட்வெய்னின் பெயர் இருந்தது. மற்றவை எல்லாம் பிறர் எழுதித் தந்தவை. எழுதத் தெரிந்த ஒரு பெண்ணை மற்றவர்களின் சொற்களைப் பாட வைத்தார்கள், அது எடுபடவில்லை. இரண்டாவது ஆல்பத்தில் நிலைமை தலைகீழானது: பன்னிரண்டு பாடல்களில் பதினொன்றில் அவருடைய எழுத்து இருக்கிறது. லாங் தனியே எழுதிய பாடல் ஒன்று உண்டு, அதுவும் முதலிடத்துக்கு வந்தது. அதை நான் மறைக்கவில்லை. முதலிடம் பிடித்த மற்ற மூன்று பாடல்களும் இருவரும் சேர்ந்து எழுதியவை. ஆகவே இரண்டு ஆல்பங்களுக்கும் இடையில் மாறியது தயாரிப்பாளர் மட்டும் என்று சொல்வது பாதி உண்மைதான். ட்வெய்னின் சொந்தப் பாடல்களைக் கேட்க ஆர்வம் காட்டியதும், அவற்றை ஆல்பத்தின் நடுவில் வைத்ததும் லாங்கின் பெருமை. அந்தப் பெருமையை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பதற்கு அங்கே பாடல்கள் இருந்தன அல்லவா?

அந்தப் பாடல்களில் ஒன்றை அவையின் முன் வைக்கிறேன். 1995இன் நடுவில் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்து ஆல்பத்தின் போக்கையே மாற்றிய 'எனி மேன் ஆஃப் மைன்' என்ற பாடல் அது. பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் கன்ட்ரியின் மண்ணைக் காட்ட, அடியில் ராக் மேடையின் கனத்த தாளம் ஓடுகிறது. தாளம் லாங்கின் கை என்று எதிரணி சொல்லும், இருக்கட்டும். பாட்டில் பேசுகிறவள் யார்? தன்னோடு வாழ வருகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் ஒரு பெண். சமைத்த சாப்பாடு கருகிப் போனாலும் நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்ல வேண்டும். போன ஆண்டு போட்ட உடை இந்த ஆண்டு இறுக்கினாலும் அளவாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் மனம் மாறினால் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆண் பாடகர்கள் கோலோச்சிய அன்றைய கன்ட்ரி வானொலியில், விட்டுப்போன காதலனை நினைத்து அழாமல், சிரித்த முகத்தோடு உரிமை கேட்ட இந்தக் குரலைத்தான் பெண்கள் காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தாளத்துக்காக மட்டும் கோடிக்கணக்கில் வாங்கியிருப்பார்கள் என்றால், அதே தாளம் ராக் ஆல்பங்களில் முன்பே கிடைத்ததே!

செலவைப் பற்றிச் சொன்னார்கள். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். 'காட் பிளஸ் தி சைல்ட்' என்ற அந்தப் பாட்டில் ஒரு வாத்தியமும் கிடையாது, வெறும் குரல் மட்டும்தான். 1987இல் ஒரு கார் விபத்தில் தாயையும் வளர்ப்புத் தந்தையையும் இழந்து, ஒன்டாரியோவின் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு சுற்றுலா விடுதியில் பாடித் தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பெண்ணின் துயரத்திலிருந்து பிறந்த தாலாட்டு அது. பின்னர் இதே பாட்டுக்குக் கூடுதல் வரிகள், வாத்தியங்கள், சேர்ந்திசைக் குழு என எல்லாம் சேர்த்துத் தனிப்பாடலாக வெளியிட்டார்கள். அது பட்டியலில் 48ஆம் இடத்தோடு நின்றுபோனது. தாலாட்டு வானொலிக்கு ஏற்றதல்ல என்று எதிரணி சமாதானம் சொல்லலாம். தயாரிப்பின் கைவண்ணமே வெற்றியைத் தரும் என்பது அவர்கள் கட்சி என்றால், அந்தக் கைவண்ணம் இங்கே ஏன் கைகொடுக்கவில்லை?

கச்சேரிப் பயணம் போகவில்லை என்ற வாதம் எங்களுக்கே துணை நிற்கிறது. மேடை விளக்குகளும் நேரில் பார்க்கும் பரவசமும் இல்லாமல், வானொலியிலும் காணொளியிலும் கேட்ட பாட்டை நம்பியே மக்கள் வாங்கினார்கள். பயணம் போகாததால், மேடையில் அவருக்குப் பாட வராது என்றல்லவா அன்று பேசினார்கள்! டிம்மின்ஸ் நகரில் எட்டு வயதிலேயே, மதுக்கடைகளில் விற்பனை முடிந்த நள்ளிரவுக்குப் பிறகு குடும்பச் செலவுக்காகப் பாடியவர் அவர். 1998இல் பயணம் தொடங்கியபோது அந்தப் பேச்சு அடங்கியது.

நடுவர் அவர்களே, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. ஏசி/டிசி என்ற ராக் குழுவின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்ட் என்ற ராக் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆகிய இரண்டையும் தயாரித்தவர் இதே லாங்தான். இரண்டும் கோடிக்கணக்கில் விற்றவை. அவற்றைப் பற்றிப் பேசும்போது அந்தக் குழுக்களின் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். லாங்கின் திறமையை அதற்குப் பிறகு பாராட்டுகிறோம். ஒரு பெண் எழுதிப் பாடிய ஆல்பம் என்று வரும்போது மட்டும் கணவரின் பெயர் ஏன் முன்னால் வந்து நிற்க வேண்டும்? அன்றைய விமர்சனங்களில் பல அவருடைய உடையைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் எழுதின. எழுதுகிறவர் என்ற முறையில் அவருக்கு உரிய இடத்தைத் தரத் தயங்கின. இந்த வழக்கு இன்னும் மன்றத்துக்கு வருவதற்கே அந்தத் தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மண வாழ்வும் முறிந்து, குரலும் பாதிக்கப்பட்டு, நீண்ட காலம் புது ஆல்பம் இல்லாமல் இருந்த ட்வெய்ன், 2017இல் 'நவ்' என்ற ஆல்பத்தோடு திரும்பினார். அதில் லாங் இல்லை. பாடல்கள் அனைத்தையும் அவர் ஒருவரே எழுதினார். வந்த வாரமே அது அமெரிக்காவின் பில்போர்ட் 200 என்ற ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் இதற்கு மட்டுமாவது விடை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.