கையைக் கடித்துக்கொள்ளும் குழந்தை என்ன சொல்கிறது?

அடுத்த கேள்வியை ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். நீளமாக எழுதியிருக்கிறார், முக்கியமானதை மட்டும் வாசிக்கிறேன். "என் பையனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. எதற்காவது கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்கிறான், தரையில் விழுந்து கத்துகிறான். பிஹேவியர் தெரபிக்குப் போகச் சொல்கிறார்கள். போனால் குணமாகிவிடுமா? நான் சரியாக வளர்க்காததால்தான் இப்படி ஆயிற்றா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அம்மா, உங்களால் ஆகவில்லை. லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். அதற்குப் பின் பல வருடங்கள், தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று படித்த மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனத்துப்போகிறது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். 1977-இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில் மரபணுவின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. தடுப்பூசியும் காரணம் இல்லை. 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, குணமாகுமா? ஆட்டிசம் என்பது வந்து போகிற காய்ச்சல் மாதிரி இல்லை. மூளை வளர்கிற விதமே வேறு. மற்றவர்களோடு பழகுவதும் பேச்சால், சைகையால் தொடர்பு கொள்வதும் கடினமாக இருக்கும். செய்ததையே திரும்பச் செய்வது, ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது, சத்தம், வெளிச்சம், துணி உரசல் இவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, இவையும் இருக்கும். அதை 'எடுத்துவிடுவது' தெரபியின் வேலை இல்லை. தனக்கு வேண்டியதைச் சொல்ல, தன் வேலையைத் தானே செய்துகொள்ள, நிம்மதியாக இருக்க அவனுக்கு வழி காட்டுவதுதான் அதன் வேலை. அதில் நிறைய முன்னேற்றம் சாத்தியம்.

இப்போது கையைக் கடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு இல்லாத குழந்தைக்கு அந்தக் கடிதான் பேச்சு. பெரும்பாலும் நாலில் ஒரு காரணம் இருக்கும்: என்னைப் பார், இதை நிறுத்து, அது எனக்கு வேண்டும், அல்லது அந்த உணர்வே அவன் உடம்புக்குத் தேவைப்படுகிறது. வெளியே பார்த்தால் நாலும் ஒரே கடிதான். எது என்று தெரியாமல் நாம் ஏதாவது செய்தால் காரியம் தலைகீழாகப் போய்விடும். உதாரணமாக, பட்டன் போடக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு குழந்தை கையைக் கடிக்கிறது. "கொஞ்ச நேரம் தனியாக உட்கார்" என்று மூலையில் உட்கார வைக்கிறோம். நமக்கு அது தண்டனை. அந்தக் குழந்தைக்கு பட்டன் தொல்லை விட்டது. நாளைக்கும் கடிக்கும். கடித்தால் விடுதலை கிடைக்கும் என்று நாமேதான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள். கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு அப்புறம் நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள். "காரணமே இல்லாமல் கத்தினான்" என்று எழுதாதீர்கள். மிக்ஸி ஓடியதா, டிவியை நிறுத்தினீர்களா, யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று நேரத்தோடு எழுதுங்கள். பத்து நாளில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது உங்கள் கண்ணிலேயே படும். அதற்கு முன்னால் ஒன்று, இந்தக் கடி திடீரென்று ஆரம்பித்திருந்தாலோ அதிகமாகியிருந்தாலோ, பல், காது, வயிறு, மலச்சிக்கல் இவற்றை டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லை. கேட்கும் திறனைச் சோதிக்கவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.

காரணம் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. கடி சொல்வதையே வலியில்லாமல் சொல்ல இன்னொரு வழி கொடுக்க வேண்டும். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு இந்தத் துறைக்கே திருப்பம். பாடம் கஷ்டமாக இருந்ததால் தொந்தரவு செய்த குழந்தைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். உதவி கிடைத்தது, தொந்தரவு குறைந்தது. உங்கள் பையனுக்குப் பேச்சு இல்லையே என்றால் ஒரு படம் போட்ட அட்டை போதும், ஒரு சைகை போதும். 'போதும்' அட்டையை அவன் நீட்டியவுடன் நிறுத்துங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும், உடனே நிறுத்த வேண்டும். கடியைவிட அட்டை வேகமாக வேலை செய்தால்தான் அவன் அட்டையை எடுப்பான். அட்டை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஸ்பீச் தெரபியும் கூடவே நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழி பலிக்காதபோது முதல் சில நாள் கத்தல் கூடும். நேற்று வரை திறந்த கதவு திறக்கவில்லை என்றால் நாமும் பலமாகத் தட்டுவோம் இல்லையா? அந்த நேரத்தில் பயந்து விட்டுக்கொடுத்தால், பலமாகத் தட்டினால் திறக்கும் என்று ஆகிவிடும். அதற்காகக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. பேச்சைக் குறைத்து, முகத்தில் பதற்றம் காட்டாமல், காயம் படாமல் கையைப் பாதுகாத்துக்கொண்டே இருங்கள். காயம் ஆகிற அளவுக்குக் கடி இருந்தால் இதை வீட்டில் தனியாக முயல வேண்டாம். அனுபவமுள்ள தெரபிஸ்ட் கூடவே இருக்க வேண்டும்.

எந்த தெரபி சென்டர் நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏ.பி.ஏ., அதாவது அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ் என்ற நடத்தைச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பிரபலமாக்கியவர் லோவாஸ் என்ற உளவியலாளர். 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்தார்கள் என்றார். பெற்றோருக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்த எண் அது. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பதை அங்கே குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய ஆரம்ப காலத்தில் அடியும் மின் அதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தப்பட்டன. அது தவறு. சிறு வயதில் இந்தப் பயிற்சிகளில் வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பலர், தாங்கள் பட்ட வேதனையை இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இன்றைக்கு விளையாட்டோடு, குழந்தை விரும்புவதைப் பின்தொடர்ந்து சொல்லிக்கொடுக்கும் முறைகள் இருக்கின்றன.

அதனால் சென்டருக்குப் போனால் முதலில் கேளுங்கள், "என் பையனுக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்?" கண்ணைப் பார்க்க வைப்போம், கை உதறுவதை நிறுத்துவோம் என்று சொன்னால் எனக்குச் சம்மதம் இல்லை. கை உதறுவதால் யாருக்கு என்ன கெடுதல்? அவன் தன்னை அமைதிப்படுத்திக்கொள்கிறான். உதவி கேட்பான், டாய்லெட் போகப் பழகுவான், காத்திருக்கப் பழகுவான் என்று சொன்னால் நல்லது. உங்களை உள்ளே உட்கார்ந்து பார்க்க விடாத இடத்தில், எத்தனை மாதத்தில் குணமாகும் என்று உறுதி கொடுக்கிற இடத்தில் சேர்க்க வேண்டாம். மருந்து பற்றியும் ஒரு வார்த்தை: ரிஸ்பெரிடோன் போன்றவை கடுமையான எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும் டாக்டர் மேற்பார்வையில் தருபவை, ஆட்டிசத்தை மாற்றும் மருந்து எதுவும் இல்லை.

நோட்டை இன்றைக்கே ஆரம்பியுங்கள். முதல் தடவை தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள். அதைப் புரட்டிப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் அந்த இடத்தில் தொடரலாம்.