புல்வெளியில் அரிய பூ தேடுவது: ஓடாதீர்கள், வரிசையில் நடங்கள்

[காட்சி: முழங்கால் உயரப் புல். ஆறு பேர் தோளுக்குத் தோள் இடைவெளி விட்டு நிற்கிறார்கள்.]

தூரத்தில் ஏதோ ஊதா நிறம் தெரிந்ததும் மொத்தக் குழுவும் அங்கே ஓடும். தன்னார்வலர் குழுக்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஓடிய வழியில் எத்தனை செடி மிதிபட்டது, எந்தப் பகுதியைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

[காட்சி: காலணியின் அடிப்பக்கம், பிரஷ்]

நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்றா? சரி, இறங்கும் முன் காலணி, கால்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டுங்கள். களைச்செடி விதைகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டு வரும்.

[காட்சி: மேலிருந்து வரைபடம்]

ஆளுக்கு 2 மீட்டர் பட்டை. ஆறு பேருக்கு 12 மீட்டர். 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், முடிக்க ஒன்பது நடை. தேடுவது விரல் நீளத் தரை ஆர்க்கிட் என்றால் 2 மீட்டர் அதிகம், 1 மீட்டராக்குங்கள். அப்போது 17 நடை. அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. வெளி ஓரத்தில் வருபவர் குச்சிக்கொடி நட்டுக்கொண்டே வரவேண்டும். திரும்பும்போது அந்தக் கொடி வரிசைதான் உள் ஓரம். வேகத்தைத் தீர்மானிப்பவர் வரிசையிலேயே மெதுவாக நடப்பவர்.

நடக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள். முன்பே தெரிந்த ஒரு செடியிடம் எல்லாரையும் கூட்டிப்போய் மொட்டு, காய், வெறும் இலை மூன்றையும் காட்டுங்கள். விரிந்த பூ மட்டும் மனதில் இருந்தால், பூ உதிர்ந்த செடியைக் கண் தாண்டிப் போய்விடும். நேரமும் முக்கியம்: கானாவாழைப் பூ நண்பகலுக்குள் சுருங்கிவிடும், வெயில் ஏறினால்தான் விரியும் பூக்களும் உண்டு.

[காட்சி: ஒருவர் கை உயர்த்துகிறார். எல்லாரும் நிற்கிறார்கள்.]

செடியைக் கண்டதும் “நில்!” என்று குரல் கொடுங்கள். மற்றவர்கள் அங்கே வரக்கூடாது; நின்ற இடத்திலேயே தங்கள் காலடியைப் பார்க்க வேண்டும். ஒரு செடி இருந்தால் அதன் நாற்றுகள் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பூத்தவை, காய்த்தவை, இலை மட்டும் உள்ளவை என்று தனித்தனியாக எண்ணுங்கள். மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டால் பரவும் இனத்தில் எது ஒரு செடி என்றே தெரியாது. அங்கே தண்டுகளை எண்ணி, ‘தண்டு’ என்றே குறியுங்கள்.

[காட்சி: பூ முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், இலையடி]

படம் ஐந்து: முழுச்செடி, இலை அமைப்பு, பூவின் முன், பக்கம், பின். அளவுக்கு ஒரு ஸ்கேல். ஆர்க்கிட்டில் பூவின் பின்னால் நீளும் குழல் பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். அது இல்லாமல் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. படம் நன்றாக வரட்டும் என்று சுற்றியுள்ள புல்லைப் பிடுங்காதீர்கள். நிழலும் போகும், மேயும் விலங்குக்கு வழியும் கிடைக்கும். விரலால் விலக்கிப் பிடித்தால் போதும்.

[காட்சி: பதிவுத்தாள்]

ஒன்றும் கிடைக்காத நாளிலும் தாளை நிரப்புங்கள்: எத்தனை பேர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பார்த்த பரப்பு, வானிலை. ‘இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘காணவில்லை’ என்று எழுதுங்கள். சில தரை ஆர்க்கிட்கள் ஓராண்டு முழுக்க மண்ணுக்கு மேலே வராமலே கிழங்காகக் கிடக்கும். செடி இருந்தும் பூக்காத ஆண்டுகளும் உண்டு: நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்து, மறுபடி 2018-இல்தான் பெருவாரியாகப் பூத்தது.

கடைசியாக, இருப்பிடம். அட்சரேகை, தீர்க்கரேகையின் பாகை அளவில் ஐந்தாவது தசம இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். செடி திருடுபவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பிலுள்ள பல இனங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள் தானாகவே மறைக்கும். மற்றவற்றுக்கு நீங்களே அமைப்பை மாற்றவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், படத்தின் பின்னணியில் அடையாளம் தெரியும் பாறையோ கோபுரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: படத்தின் பின்னணி வெட்டப்படுகிறது. பூ மட்டும் மிஞ்சுகிறது.]