ஒரே லாக் (செயல்பதிவு), இரண்டு சர்வர்கள்: உறைந்துபோகும் சர்வர் எது?

[திரையில்: இருவருக்கிடையே செல்லும் மூன்று அம்புக்குறிகள்]

மூன்றே மூன்று செய்திகள். 1978இல் ரோஜர் நீதாமும் மைக்கேல் ஷ்ரோடரும் வெளியிட்ட பொதுச்சாவி நெறிமுறையின், அதாவது வலையமைப்பில் இருவர் ஒருவரையொருவர் யாரென்று உறுதிசெய்துகொள்ளும் முறையின், மையப்பகுதி அவ்வளவுதான். ஆனாலும் அதற்குள் ஓர் ஓட்டை இருந்தது: நீங்கள் முறைப்படி உரையாடலைத் தொடங்கும் ஒருவர், அதே நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்றாமவர் ஒருவரிடமும் பேசி, நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று அவரை நம்பவைத்துவிட முடியும். 17 ஆண்டுகள் கழித்து, 1995இல், கேவின் லோ அந்த ஓட்டையை வெளியிட்டார். நெறிமுறையைச் செயல்முறை இயற்கணிதத்தில் (ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புகளைச் சமன்பாடுகளாக எழுதும் முறையில்) எழுதி எஃப்டிஆர் என்னும் மென்பொருளிடம் கொடுத்தபோது, தாக்குதலின் படிகளை அந்த மென்பொருளே வரிசையாக எடுத்துக் காட்டியது. அதைச் சரிசெய்ய இரண்டாவது செய்தியில் பதிலளிப்பவரின் பெயரைச் சேர்த்தால் போதுமானதாக இருந்தது.

மூன்று செய்திகளிலேயே இப்படி என்றால், பத்துப் பாகங்கள் ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிலைகள் இருந்தால், மொத்த அமைப்பின் நிலைகள் 1000 கோடி வரை போகலாம். சோதித்துப் பார்த்தே நம்பிக்கை பெறும் வழி இங்கே அடைபட்டுவிடுகிறது.

செயல்முறை இயற்கணிதத்தின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1978இல் டோனி ஹோர் சிஎஸ்பியையும், 1980இல் ராபின் மில்னர் சிசிஎஸ்ஸையும் முன்வைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்று, இதுவா அதுவா, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் என்று ஒருசில செயற்குறிகளை மட்டும் கொண்டு, உடன்நிகழ் (ஒரே நேரத்தில் இயங்கும்) அமைப்புகளைச் சமன்பாடுகளாக எழுத அவை வழிவகுத்தன. 1981இல் டேவிட் பார்க், இரண்டு அமைப்புகளின் நடத்தை ஒன்றேதானா என்று சோதிக்கும் பைசிமுலேஷன் என்ற கருத்தை அதன் இன்றைய வடிவில் தந்தார். இந்த வீடியோ முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

[திரையில்: இரண்டு சர்வர்களின் நிலைப்படங்கள்]

முதல் சர்வர், இணைப்பை ஏற்றுக்கொள்ளும், பிறகு படிக்க அனுமதிக்கும், அத்துடன் முடிந்தது. இரண்டாவது சர்வரும் அதையே செய்யும், ஆனால் சில வேளைகளில் இணைப்பை ஏற்றுக்கொண்டபின் அப்படியே உறைந்துவிடும். இரண்டின் லாக் கோப்புகளையும் திறந்து, எந்தெந்தச் செயல்வரிசைகள் பதிவாகக்கூடும் என்று பாருங்கள். முதலாவதில் எதுவும் நடக்காத வெற்று வரிசை, "இணை", "இணை, படி" என மூன்று. இரண்டாவதிலும் அதே மூன்று. லாக்கை வைத்து ஒப்பிடுபவர் இரண்டும் ஒன்றே என்று கையெழுத்திட்டுவிடுவார். திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் பயனருக்கோ இரண்டும் ஒன்றல்ல. லாக்கில் நடந்தது மட்டுமே பதிவாகும். நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனது பதிவாகாது. லாக் ஒப்பீட்டை மட்டும் நம்பி அமைப்புகளைச் சமம் என்று அறிவிப்பது ஆபத்தானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பைசிமுலேஷனை ஓர் ஆட்டமாகப் புரிந்துகொள்ளலாம். பலகைகள் இரண்டு, ஒன்றில் முதல் சர்வர், மற்றொன்றில் இரண்டாவது. தாக்குபவர் ஏதாவது ஒரு பலகையில் ஒரு நகர்வைச் செய்வார். காப்பவர் மறு பலகையில் அதே பெயருள்ள நகர்வைச் செய்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் தோற்றார். எவ்வளவு காலம் ஆடினாலும் காப்பவரால் ஈடுகொடுக்க முடியும் என்றால் மட்டுமே இரண்டு அமைப்புகளும் சமம்.

நம் சர்வர்களில் ஆடிப் பார்ப்போம். தாக்குபவர் இரண்டாவது பலகையில் "இணை" என்று ஆடி, உறைந்த நிலைக்குப் போகிறார். காப்பவர் முதல் பலகையில் "இணை" என்று ஆடுகிறார். அவருக்கு வேறு வழியும் இல்லை. இப்போது தாக்குபவர் பலகையை மாற்றுகிறார். முதல் பலகையில் "படி" என்று ஆடுகிறார். காப்பவர் இரண்டாவது பலகையைப் பார்க்கிறார். அங்கே உறைந்த நிலையிலிருந்து ஓர் அம்புக்குறிகூட வெளியே வரவில்லை. ஆட்டம் முடிந்தது.

இந்தப் பலகை மாற்றம்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம். தாக்குபவர் தொடங்கிய பலகையிலேயே கடைசிவரை ஆட வேண்டும் என்று விதியை மாற்றினால், எந்தப் பலகையில் தொடங்கினாலும் காப்பவரே வெல்வார். வீடியோவை நிறுத்திவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள். முதல் சர்வர் இரண்டாவதைப் போல நடிக்க முடியும், இரண்டாவது முதலாவதைப் போல நடிக்க முடியும், ஆனாலும் இரண்டும் சமமில்லை! எண்களில் ஒன்று மற்றதைவிடச் சிறியதல்ல, மற்றது இதைவிடச் சிறியதல்ல என்றால் இரண்டும் சமம் என்று பள்ளியிலிருந்தே பழகிவிட்டோம். நடத்தையை ஒப்பிடும்போது அந்தப் பழக்கம் கைவிட்டுவிடுகிறது.

சரி, இதைக் கணினி எப்படித் தீர்மானிக்கிறது? குற்றம் நிரூபிக்கப்படும்வரை எல்லோரும் நிரபராதிகள் என்ற முறையில்தான். இரண்டு சர்வர்களின் நிலைகளும் சேர்ந்து ஏழு: முதலாவதில் மூன்று, இரண்டாவதில் நான்கு. ஏழும் சமம் என்று எடுத்துக்கொண்டு ஒரே குழுவில் போடுங்கள். முதல் சுற்றில், அடுத்து என்ன செய்ய முடியும் என்று கேட்கிறோம். "இணை" சொல்லக்கூடிய தொடக்க நிலைகள் இரண்டு, "படி" சொல்லக்கூடியவை இரண்டு, எதுவும் சொல்ல முடியாதவை மூன்று என்று குழு மூன்றாக உடைகிறது. இரண்டாவது சுற்றில், எந்தக் குழுவுக்குள் போய் விழுகிறாய் என்று கேட்கிறோம். முதல் சர்வரின் தொடக்க நிலை "படி" குழுவுக்கு மட்டுமே போகிறது. இரண்டாவதன் தொடக்க நிலை எதுவும் சொல்ல முடியாத குழுவுக்கும் போகிறது. இரண்டும் பிரிந்தன, விடை கிடைத்தது.

இந்த முறையை 1983இல் கனெல்லாக்கிஸும் ஸ்மோல்காவும் தந்தபோது, அதற்கான வேலை நிலைகளின் எண்ணிக்கையை நகர்வுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவுக்கு இருந்தது. 1987இல் பெய்ஜும் டார்ஜனும், ஒரு குழு உடையும்போது எப்போதும் சிறிய பாதியை மட்டும் கையாளும் உத்தியால் அதைக் குறைத்தார்கள். பத்து லட்சம் நிலைகள் இருந்தால், ஒரு நிலை சிறிய பாதியில் அதிகபட்சம் ஏறத்தாழ 20 முறைதான் மாட்டும். ஏனெனில் பத்து லட்சத்தை அதற்குமேல் பாதியாக்க முடியாது. பத்து லட்சம் என்ற பெருக்கல் காரணி இருபது அளவுக்கு இறங்கியது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். லாக்குகள் ஒன்றா என்ற எளிமையாகத் தோன்றும் கேள்விக்கு விடைகாண, வழக்கமான முறையில் நிலைகளின் கூட்டங்களையே புதிய நிலைகளாகக் கொள்ள வேண்டும். 30 நிலைகள் உள்ள இயந்திரத்துக்கு 107 கோடிக்கும் மேற்பட்ட கூட்டங்கள் வரலாம். இந்தக் கேள்வி, கணினிக்கு மிகக் கடினமானவை என்று கருதப்படும் பிஸ்பேஸ்-முழுமை வகையைச் சேர்ந்தது. அதற்கு வேகமான பொது வழிமுறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை. நுணுக்கமாகக் கேட்ட கேள்விக்கு விடை விரைவாக வருகிறது, மேலோட்டமாகக் கேட்ட கேள்வி கணினியைத் திணறடிக்கிறது. லாக் ஒப்பீட்டில், ஒரே வரிசை எத்தனை வழிகளில் உருவாகியிருக்கலாம் என்பதை எல்லாம் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பைசிமுலேஷனில் அடுத்த அடியை மட்டும் பார்த்தால் போதும்.

முடிவற்ற நிலைகள் கொண்ட அமைப்புகளிலும் இந்த வியப்பு தொடர்கிறது. இரண்டு சூழல்சாரா இலக்கணங்கள் (சொற்சரங்களை உருவாக்கும் விதித்தொகுப்புகள்) ஒரே மொழியை உருவாக்குகின்றனவா என்பதை எந்த வழிமுறையாலும் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்பது 1961 முதல் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, அதே இலக்கணங்களைச் செயல்முறைகளாகப் பார்த்தால் பைசிமுலேஷனைத் தீர்மானிக்க முடியும் என்று 1987இல் பேட்டன், பெர்க்ஸ்ட்ரா, க்ளாப் ஆகிய மூவரும், எந்த நிலையிலிருந்தும் முடிவை எட்ட முடியும் என்ற நிபந்தனையுடன் நிறுவினார்கள். 1992இல் கிறிஸ்டென்சன், ஹ்யூட்டல், ஸ்டர்லிங் மூவரும் அந்த நிபந்தனையையும் நீக்கினார்கள்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வில்லைகள் இடம்விட்டு இடம் நகரும் படமாக அமைப்புகளைக் காட்டும் பெட்ரி வலைகளில் பைசிமுலேஷனைத் தீர்மானிக்க முடியாது என்று 1994இல் பீட்டர் யான்சார் நிறுவினார். சாதாரணப் பெட்ரி வலையால் தன் எண்ணி (ஓர் இடத்திலுள்ள வில்லைகளின் எண்ணிக்கை) பூஜ்யமா என்று சோதிக்க முடியாது. அதனால் தனி வலை ஒன்று கணினி நிரல் முழுவதையும் நம்பகமாக நடித்துக் காட்டாது. யான்சார் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு வலைகளை இரண்டு பலகைகளில் வைத்தார். தாக்குபவர் பூஜ்யம் அல்லாததைப் பூஜ்யம் என்று பொய் சொல்லி நகர்ந்தால், காப்பவர் அந்தப் பொய்யைப் பயன்படுத்தி இரண்டு பலகைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்குப்பின் காப்பவருக்குத் தோல்வியே இல்லை. எனவே தாக்குபவர் உண்மையாகவே ஆட வேண்டியதாகிறது. அப்படி ஆடும்போது ஆட்டமே ஒரு கணினி நிரலின் ஓட்டமாக மாறிவிடுகிறது.

[திரையில்: புதிய இரண்டு சர்வர்கள்]

உங்களுக்கு ஒரு புதிர். ஒரு சர்வர் "இணை" என்றபின் "படி", "எழுது" இரண்டையும் அனுமதிக்கிறது. இன்னொன்று "இணை" என்ற கணத்திலேயே இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு, மற்றதை மறுக்கிறது. தாக்குபவர் எத்தனை நகர்வில் வெல்வார், அதற்குப் பலகை மாற வேண்டுமா, மாறாமலே வெல்ல முடியுமா? ஆடிப் பார்த்து, உங்கள் நகர்வுகளை வரிசையாகக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.