தண்ணீர் பாட்டிலும் ஆறாவது மணியும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கூடலூர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆடி மழையில் ஒரு தாய் தன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பையன். மழைக்காலம் வந்தால் கால் வலி, முதுகு வலி, ராத்திரியெல்லாம் அழுகை. போன இடத்திலெல்லாம் "வளர்கிற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்றிருக்கிறார்கள். ஒரு இடத்தில், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்றே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தேன். உருண்டையான சிவப்பணுக்களுக்கு நடுவே, வயலில் கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன சில. சிக்கிள் செல் சோகை.

இந்த நோயின் வேர் எவ்வளவு சின்னது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. சிவப்பணுவுக்குள் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் நான்கு சங்கிலிகள். அவற்றில் பீட்டா என்கிற சங்கிலி, 146 மணி கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். ஆறாவது மணி குளுடாமிக் அமிலமாக இருக்க வேண்டும். இவர்களுக்கு அந்த இடத்தில் வேலின் இருக்கிறது. மற்ற 145 மணியும் சரியாகத்தான் இருக்கின்றன. குளுடாமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலினோ எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். பிராணவாயுவை இறக்கிவைத்ததும் அந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்றாக ஒட்டி, நீளமான நாராகி, செல்லையே உள்ளிருந்து நெம்பி வளைத்துவிடுகிறது. வளைந்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கிற எலும்பும் தசையும் மூச்சுக்குத் தவிக்கும். அந்தப் பையனின் வலி அதுதான்.

1949-ல் லைனஸ் பாலிங் என்கிற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் இந்த ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்வதைக் கண்டு, இதை 'மூலக்கூறு நோய்' என்றார்கள். அந்த ஆறாவது மணியை 1957-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் வெர்னான் இங்கிராம். இடையில், 1952-ல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நம் நீலகிரி ஆதிவாசி மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாள் தன்மையைப் பதிவு செய்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. அறிவியலுக்கு நம் மலை அவ்வளவு முன்னாலேயே தெரிந்திருந்தது. இந்தப் பையனுக்கு அந்த அறிவு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பிராணவாயுவை விட்டவுடனே செல் வளைந்துவிடாது. நார் உருவாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் செல் குறுகலான குழாயைத் தாண்டி நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் தப்பித்தது. 1970-களில் வில்லியம் ஈட்டனும் அவர் குழுவினரும் அளந்து சொன்னது இது: செல்லுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி கொஞ்சம் கூடினாலே அந்தத் தாமதம் பல மடங்கு சுருங்கிவிடுகிறது. உடம்பில் தண்ணீர் வற்றினால் செல்லும் வற்றும், அடர்த்தி ஏறும். குளிரில் குழாய்கள் சுருங்கி ஓட்டமும் மெதுவாகும். நம் ஊர் மழையும் குளிரும் இவர்களை ஏன் இப்படிப் படுத்துகின்றன என்பது இப்போது புரியும். குடிக்கிற ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும், போடுகிற ஸ்வெட்டரும் அந்தச் செல்லுக்கு வாங்கிக் கொடுக்கிற அவகாசம்.

இந்த நோய்க்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. அது இந்த நாரில் சேராது. பிறந்த முதல் சில மாதம் இந்த நோய் தலைகாட்டாமல் இருப்பதும் அதனால்தான். மாத்திரை அந்தப் பழைய ஹீமோகுளோபினைத் திரும்பக் கூட்டுகிறது. மரபணுவையே திருத்தி அதை வரவழைக்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. அதன் விலை நம் கைக்கு எட்டாதது. மாத்திரை எட்டும். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், இடையிடையே ரத்தமும் பார்க்க வேண்டும்.

அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வருகிற மரபணு ஜோடியில், ஒன்று மட்டும் மாறியிருப்பவர்கள் நோயாளிகள் கிடையாது. இரண்டு பேருமே அப்படி இருந்து கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அதற்காகத்தான் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம், யாரையும் ஒதுக்கி வைப்பதற்காக இல்லை.

அந்தப் பையனின் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பாடம் நடக்கும்போதும் இவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று எழுதினேன். இந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது, அடிக்கடி வெளியே போவான், திட்ட வேண்டாம் என்றும் எழுதினேன். அடுத்த முறை வந்தபோது அவன் அம்மா சொன்னார்: டீச்சர் அவனைக் கதவோரத்து பெஞ்சுக்கு மாற்றிவிட்டாராம். கேட்காமலே எழுந்து போகலாமாம்.