அரசனை இடறிய மண்மேடு

அவைத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, தூறலையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, எனக்கு முன் இனிமையாகப் பேசிய தமிழ்ப் பள்ளி ஆசிரியை அவர்களே, சமையலறையிலிருந்து இப்போதுதான் வந்து உட்காரும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

லண்டனின் தென்மேற்கிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை ஒட்டிய ஹோம் பார்க் என்ற பூங்காவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தண்ணீர், மரம், மண் என்று மூன்று சேதி வைத்திருக்கிறேன்.

அரண்மனைக்குக் கிழக்கே நூல் பிடித்தாற்போல் நீளும் லாங் வாட்டர் கால்வாய், அரசர் இரண்டாம் சார்லஸ் 1660களில் வெட்டுவித்தது. அந்தப் பூங்காவுக்குள்தான் 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப்பின் மைதானம். அரசர் எட்டாம் ஹென்றி வேட்டையாடிய மண்ணில் இன்று சுமார் 300 மான்கள் மேய்கின்றன. ஃபேர்வே என்கிற, பந்தை அடித்துச் செல்லும் புல்வெளிப் பாதை நடுவே ஒரு மான் படுத்து அசைபோட்டால், ஆடுகிறவர் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்பார் எங்கள் அப்பாச்சி. இங்கே சறுக்கியது குதிரைக்கு. 1702 பெப்ரவரி. மூன்றாம் வில்லியம், இங்கிலாந்தின் அரசர், சோரல் என்ற குதிரையில் இதே பூங்காவில் போகிறார். எத்தனையோ போர்க்களம் பார்த்த மனிதர். எதிரே படை இல்லை, பள்ளமில்லை. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சிறு விலங்கான ஓர் அகழெலி கிளப்பிப் போட்ட மண்மேடு, முழங்கால் உயரம்கூட வராது. குதிரையின் கால் அதில் இடறியது, அரசர் விழுந்தார், காறை எலும்பு முறிந்தது. மார்ச் 8ஆம் தேதி உயிர் போய்விட்டது! அவருடைய எதிரிகளான ஜாகோபைட்டுகள் அப்புறம் விருந்துகளில் கோப்பையை உயர்த்தி, ‘கறுப்பு வெல்வெட் உடுத்திய சிறிய கனவானுக்கு’ என்று அந்த அகழெலியை வாழ்த்திக் குடித்தார்களாம். ஆனைக்கும் அடி சறுக்கும், ஐயா!

சரி, அகழெலி ஏன் அங்கே தோண்டியது? மண்புழுவுக்காக. புழு நிறைந்த மண் உயிருள்ள மண். கோல்ஃப் விதியில் முயல் வளையிலோ அகழெலி வளையிலோ பந்து விழுந்தால் தண்டனையில்லாமல் எடுத்து வைக்கலாம். மண்புழு போட்ட துளைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. விளையாட்டு விதியிலும் புழுவுக்கு மதிப்பில்லையே என்பது என் மனக்குறை.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? லண்டனில் வீடு வாங்கியதும் முதல் வேலையாக முன்தோட்டத்தில் கல் பாவிக் காரை நிறுத்துகிறோம். நானும் செய்தேன். நான்கு வருடம் கழித்து இரண்டு கல்லைக் கிளப்பினேன். அடியில் மண் சாம்பல் நிறத்தில் இறுகி, புளித்த வாடை அடித்தது. ஒரு புழு இல்லை. அன்றைக்கு எனக்கு அடி சறுக்கியது. பாதிக் கல்லை எடுத்துவிட்டு, சருகும் மட்கிய உரமும் போட்டேன். இரண்டாம் மழைக்காலத்தில் புழு மண் சுருள் சுருளாய் மேலே வந்தது. என் பேத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மரங்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முன்தோட்டத்தில் ஒரு பாய் அகலத்துக்காவது மண்ணைத் திறந்து விடச் சம்மதிப்பவர்கள் பெயர் எழுதுங்கள். கல்லைக் கிளப்ப நானே கடப்பாரையோடு வருகிறேன்.