வழி தவறிய பைபிரினோஜன்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் மருத்துவபீட மாணவர்களே, வணக்கம்.

குருதி உறைவதைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் புடையன் பாம்பில்தான் தொடங்குவேன். புடையன் கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால், கொஞ்சம் குருதி எடுத்துப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு அசைக்காமல் வைப்பார்கள். 20 நிமிடம் கழித்து மெல்லச் சரிப்பார்கள். கட்டியாக நின்றால் கொஞ்சம் ஆறுதல். தண்ணீராய் வழிந்தால், விஷம் உறைதற் காரணிகளைத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படித் தீர்ந்துபோவதில் முக்கியமானது பைபிரினோஜன். ஈரலில் உருவாகும் புரதம் இது. ஒரு லீற்றர் பிளாஸ்மாவில் 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். காயம் பட்டதும் துரொம்பின் என்ற நொதியம் இதை வெட்டி பைபிரின் நாராக்குகிறது. இது இல்லாவிட்டால் சவரக் கீறலுக்கே பயப்பட வேண்டும்.

இதே புரதம் மூளைக்குள் போனால் என்ன ஆகும்? அதுதான் இன்றைய விஷயம்.

மல்டிப்பிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை அழிக்கும் நோய். பார்வை மங்கும், கால் இழுக்கும், களைப்பு ஆளையே சாய்த்துவிடும். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் வரும், பெண்களுக்கே அதிகம். நம் நாட்டில் அரிது என்பதால் வீட்டார் முதலில் பாரிசவாதம் என்றுதான் நினைப்பார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன? அமெரிக்க நரம்பியல் நிபுணர் ட்ரேசி புட்னமே 1930களில், சிறு நாளங்களில் குருதி கட்டி அடைப்பதுதான் எம்.எஸ்ஸுக்குக் காரணம் என்றார். உறைவுதடுப்பு மருந்தும் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கொள்கை நிலைக்கவில்லை.

அடைப்பு அல்ல, கசிவுதான் விஷயம். மூளையின் குருதிக் குழாய்ச் சுவர் பைபிரினோஜனை வெளியே விடாது. எம்.எஸ்ஸில் அந்தச் சுவர் இளகுகிறது. கசிந்த பைபிரினோஜன் மூளை இழையத்தில் பைபிரினாகப் படிகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் கத்தரீனா அகசோக்லூவின் குழு, உயிருள்ள எலிகளில் இதை நுணுக்குக்காட்டி வழியே பார்த்து 2012இல் வெளியிட்டது. கசியும் குழாயைச் சுற்றி, மைக்ரோகிளியா என்னும் மூளையின் காவற்கலங்கள் மொய்க்கின்றன. அதுவும் எப்போது? மயலின் அழியத் தொடங்குமுன், எலியின் கால் சோருமுன். பிறகு அவை கக்கும் ஒட்சியேற்றிகள் பக்கத்திலுள்ள நரம்பிழைகளைப் பொசுக்குகின்றன.

“அப்படியானால் உறைவுதடுப்பு மருந்தான வாஃபரினைக் குடித்தால் போதாதா, டொக்டர்?” என்று கேட்பீர்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். எலியில் உறைவுதடுப்பு மருந்து பலன் தந்தது உண்மை. ஆனால் எம்.எஸ். நோயாளி வருடக்கணக்கில் வாழ வேண்டியவர். குருதிப்பெருக்கு அபாயத்தை அவர் தலையில் ஏற்ற முடியாது.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்குக் கிடைத்த விடைதான். பைபிரினோஜன் உறைவதற்கு ஒரு பகுதி, மைக்ரோகிளியாவைச் சீண்டுவதற்கு வேறொரு பகுதி. சீண்டும் பகுதியை மட்டும் மரபணுவில் மாற்றிய எலிகளுக்குக் குருதி ஒழுங்காக உறைந்தது, வாதமோ குறைந்தது. 2018இல் அதே பகுதியில் போய் ஒட்டும் 5பி8 என்ற பிறபொருளெதிரியை, அதாவது குறிபார்த்து ஒட்டும் புரதத்தை, அந்தக் குழு வெளியிட்டது. உறைதலில் அது கைவைக்கவில்லை.

பழுது பார்க்கும் வேலையையும் பைபிரினோஜன் கெடுக்கிறது. மயலினை மீண்டும் கட்ட வேண்டிய இளங்கலங்களை முதிரவிடாமல் தடுக்கிறது என்று 2017இல் காட்டினார்கள். அழற்சியை அடக்கும் மருந்துகள் நம்மிடம் உண்டு. அழிந்த உறையைத் திரும்பக் கட்டும் மருந்துதான் இன்னும் இல்லை. அதனால் இந்தக் கண்டுபிடிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவற்றில் பெரும்பகுதி எலியில் கண்டது, அதுவும் செயற்கையாக உண்டாக்கிய நோயில். அந்தப் பிறபொருளெதிரியை மனிதருக்கேற்ப மாற்றிய வடிவம் முதற்கட்டப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது, எம்.எஸ். நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை. ஆகவே இப்போது எடுக்கும் மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், கேள்விகளுக்குப் போவோம்.